நிறமில்லாத தண்ணீர்

சங்கரி அக்கா அந்த ஆய்வகத்தை விட்டுக் கிளம்பியது 2022இல், விஸ்வகர்மா பூஜை அன்று. அன்றைக்குக் கல்கத்தாவில் யாரும் இயந்திரத்தில் கை வைப்பதில்லை. லேத்துக்கும் லாரிக்கும் ரிக்‌ஷாவுக்கும் மாலை போட்டுவிட்டு மொட்டைமாடிக்குப் போய்ப் பட்டம் விடுவார்கள். பெஹாலாவைத் தாண்டி, டயமண்ட் ஹார்பர் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருந்த அந்தக் கட்டிடத்தின் மேலும் வானம் முழுக்கப் பட்டம். அக்கா கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது கையில் டிபன் பாக்ஸும், ஆய்வகத்துக்குள் போட்டுக்கொள்ளும் ரப்பர் செருப்பு வைத்த ஒரு பையும்தான் இருந்தன. பன்னிரண்டு வருட வேலையிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது அவ்வளவே.

கேட்டருகே நாகம்மா நின்று அழுதுகொண்டிருந்தாள். அங்கே பாட்டில் கழுவுகிறவள். கரக்பூர் ரயில்வே காலனியில் வளர்ந்த தமிழ்ப்பெண்.

“தொடச்சது நானு. நீங்க எதுக்கு மேடம் போறீங்க?”

“ஸ்பிரிட் போட்டுத் தொடைன்னு உனக்குச் சொல்லிக் குடுத்தது யாரு? நான்தானே. மூக்கச் சிந்திட்டு உள்ள போ” என்றார் அக்கா.

அன்று காலையில், பூஜை செய்ய வந்த புரோகிதர் கங்கைத் தண்ணீர் என்று நினைத்து மெர்க்குரிக் குளோரைடு கரைசலைக் குடித்துவிட்டார். அந்த நஞ்சுக்கு அங்கே பொறுப்பாளர் சங்கரி அக்கா. அவர் கேட்டைத் தாண்டி வந்த நேரத்தில் புரோகிதர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைப்பாரா, பிழைத்தாலும் சிறுநீரகம் தேறுமா என்று யாருக்கும் தெரியாது.

காலையிலிருந்து நானும் அக்காகூடவே இருந்தேன். பவானிபூரில் எங்கள் அப்பாவுக்கு மளிகைக்கடை. அப்பளம், புளி, இட்லி அரிசி விற்கிற கடை. அதற்கு மேல் மாடியில் அக்கா குடியிருந்தார். பல வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் வீடு திரும்பிய சமயம் அது. ஒரு இடத்தில் உட்கார முடியாமல் நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பதைப் பார்த்துவிட்டு, எங்கள் லேபில் பூஜைக்குச் செய்கிற கிச்சுரி, நம்ம பொங்கல் மாதிரி, நன்றாக இருக்கும், வா என்று கூட்டிப்போனார். அன்று யாரும் கிச்சுரி சாப்பிடவில்லை.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் சாந்த்ராகாச்சியிலிருந்து தொடங்க வேண்டும். அங்கே ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர். அப்பா மூக்கையா, உசிலம்பட்டியிலிருந்து வந்து யார்டில் ஃபிட்டராகச் சேர்ந்தவர். பெட்டிக்கு அடியில் படுத்து பிரேக்கைப் பார்க்கிற வேலை. படுப்பதற்கு முன் பெட்டியின் இரண்டு பக்கமும் சிவப்புக் கொடி நட வேண்டும். கொடி இருக்கும்வரை எந்த டிரைவரும் எஞ்சினைக் கொண்டுவந்து மாட்ட மாட்டான். அந்தக் கொடியை நட்டவன்தான் பிடுங்க வேண்டும். வேறு யார் பிடுங்கினாலும், மேலதிகாரியே பிடுங்கினாலும், அது குற்றம். இந்த விதி அந்த வீட்டில் சோறு குழம்பு போலப் புழங்கியது. அடுப்பைப் பற்றவைத்தவள்தான் அணைக்க வேண்டும். தண்ணீர்க் குழாயைத் திறந்தவன்தான் மூட வேண்டும். அக்காவுக்கு இது எலும்பில் ஏறியிருந்தது. சில சமயம் எரிச்சலூட்டும் அளவுக்கு. நான் மாடியில் விளக்கைப் போட்டுவிட்டு இறங்கிவந்தால், அணைப்பதற்காக என்னையே திரும்ப மாடியேற வைப்பார்.

வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்தவர். கல்லூரிகளில் இடம் கிடைக்கவில்லை. ரமேஷ்பாபு என்பவர் திசு வளர்ப்பு முறையில் வாழைக் கன்றும் ஆர்க்கிட் செடியும் உண்டாக்கி விற்கிற ஆய்வகம் தொடங்கியபோது அங்கே போனார். வாழைக்கிழங்கின் நுனியில் விரல்நுனி அளவுத் துண்டை வெட்டி, கண்ணாடி ஜாடிக்குள் ஊட்டமுள்ள கூழில் வைத்தால் அது பத்தாய் நூறாய்க் கிளைக்கும். ஆனால் அந்தத் துண்டு மண்ணிலிருந்து வந்தது. அதன் மேல் ஒரு பூஞ்சை வித்து மிச்சமிருந்தால்கூட ஜாடி முழுதும் பச்சையும் கறுப்புமாகப் பூத்துவிடும். அதனால் துண்டைச் சில நிமிடம் மெர்க்குரிக் குளோரைடு கரைசலில் முக்கி எடுத்து, கொதித்து ஆறிய நீரில் பலமுறை அலசுவார்கள். பூஞ்சைக்கு அதைவிடப் பெரிய எமன் கிடையாது.

சித்த மருந்துக்காரர்கள் அதைச் சவ்வீரம் என்பார்கள். பாதரசமும் குளோரினும் சேர்ந்த உப்பு. இவை இரண்டும் வேறு விகிதத்தில் சேர்ந்தால் இன்னொரு உப்பு கிடைக்கும். அது தண்ணீரில் கரையாது. ஒரு காலத்தில் பேதிக்குக்கூட அதைக் கொடுத்தார்கள். சவ்வீரத்தில் குளோரின் பங்கு கூடுதல். அது கரையும், கரைவதால் கொல்லும். நான் அதைப் பார்த்திருக்கிறேன். பளிச்சென்று வெள்ளையாக, பொடித்த கற்பூரம்போல இருக்கும். பாட்டிலைக் கையில் வாங்கினால்தான் அதன் கனம் தெரியும். சமையல் உப்பு நீரில் விழுந்தால் மின்னேற்றமுள்ள துகள்களாகப் பிரிந்துவிடும், இது அப்படிப் பிரியாமல் பெரும்பாலும் முழு மூலக்கூறாகவே நீந்தும் என்று அக்கா சொல்வார். அதனால்தான் சாராயத்திலும் கரைகிறது, சூடு காட்டினால் கற்பூரம்போல ஆவியாகி மேலே போய்ப் படிகிறது. உடம்புக்குள் போனால் புரதத்தில் கந்தகம் எங்கே இருக்கிறது என்று தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். பூஞ்சையைக் கொல்வதும் அப்படித்தான், மனிதனின் சிறுநீரகத்தைக் கொல்வதும் அப்படித்தான். கரைத்துவிட்டால் நிறம் கிடையாது, வாசனை கிடையாது.

அந்தப் பொடி இருந்த அலமாரியின் சாவி பன்னிரண்டு வருடமும் அக்காவின் இடுப்பில்தான் இருந்தது. கரைசலை அவரே செய்வார். பாத்திரம் எதிலும் உலோகம் கூடாது, கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ மட்டும்தான். பயன்படுத்திய கரைசலைச் சாக்கடையில் விட மாட்டார். பக்கத்து ஆய்வகங்களில் தாராளமாகக் குழாயைத் திறந்துவிட்டு ஊற்றினார்கள். அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று அவர்களிடம் கேட்டால், எல்லாத் தண்ணீரும் போகிற இடத்துக்கு என்று பதில் வரும். அக்கா மட்டும் ஒரு கேனில் சேர்த்துவைத்து, சோடியம் சல்ஃபைடு போடுவார். தெளிந்த நீர் கண்ணெதிரே கறுத்து, கரிச்சேறாக அடியில் தங்கும். பாதரசமும் கந்தகமும் அப்படிச் சேர்ந்துவிட்டால் அவ்வளவு சுலபத்தில் பிரியாது. அந்தச் சேற்றை வாங்கிப்போக ஆள் வருவான். முதலாளிக்கு இது வீண் செலவு. அக்கா அதை மட்டும் அவரிடம் பேசுவதே இல்லை, செய்துவிடுவார்.

அந்த வாரம் சல்ஃபைடு தீர்ந்துபோயிருந்தது. கேன் நிரம்பியிருந்தது, அலமாரியில் இடமில்லை. அவர் தன் அறையில், அலமாரிக்கு வெளியே, மேசைக்கு அடியில் அதை வைத்தார். அதில் ஆங்கிலத்திலும் வங்காளத்திலும் ‘நஞ்சு’ என்று மார்க்கரில் பெரிதாக எழுதியிருந்தார். போதும் என்று நினைத்தார்.

திசு வளர்ப்புக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கண்ணில் பட்ட எல்லாவற்றையும் ஸ்பிரிட் தெளித்துத் துடைப்பார்கள். மேசை, கத்தி, ஜாடி, கதவுப்பிடி, சொந்தக் கை. பூஜைக்கு முதல்நாள் நாகம்மா சாமிக்காக என்று கட்டிடம் முழுவதையும் அப்படித் துடைத்தாள். அக்கா பயிற்றுவித்தபடியே, மேலிருந்து கீழாக, ஒரு இடம் விடாமல். மார்க்கர் மை ஸ்பிரிட்டுக்கு நிற்காது. நாகம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. துணியில் கறுப்பாக ஏதோ வந்தது, அழுக்கு போகிறது என்று சந்தோஷப்பட்டாள்.

மறுநாள் காலை, பேக்கிங் கூடத்தில் யானைமேல் அமர்ந்த விஸ்வகர்மாவின் களிமண் சிலை. பக்கத்தில் ஜாடிகளை ஆவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்குச் சாமந்தி மாலை. புரோகிதர் ஹரிபத சக்கரவர்த்தி வந்து உட்கார்ந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். அந்த வட்டாரத்தில் கடைத் திறப்பு, கிரகப்பிரவேசம் எல்லாவற்றுக்கும் அவர்தான். எல்லோரும் மரியாதையாகத் தாக்குர்மஷாய் என்றுதான் கூப்பிடுவார்கள். கங்கைத் தண்ணீர் எங்கே என்று கேட்டார். டிரைவர் பாபுகாட் படித்துறையில் பிடித்துவந்த கேன் காரின் டிக்கியிலேயே இருந்தது. அது தெரியாத யாரோ அக்காவின் அறைக் கதவைத் திறந்து, சுத்தமாகத் துடைத்துப் பளபளவென்று இருந்த கேனைத் தூக்கிவந்து வைத்தார்கள்.

புரோகிதர் அதிலிருந்து கோஷாவில் ஊற்றினார். கோஷா என்பது படகு வடிவத்தில் இருக்கும் செப்புப் பாத்திரம். அதற்குள்ளேயே ஒரு சின்னச் செப்புக் கரண்டி கிடக்கும். காலையில்தான் புளி போட்டுத் தேய்த்துச் செக்கச்செவேல் என்று கொண்டுவந்திருந்தார். தண்ணீரைப் பார்த்ததும், “கங்கை எப்போ இவ்ளோ தெளிஞ்சா? எந்தப் படித்துறையில பிடிச்சீங்க?” என்று கேலி பேசினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கல்கத்தாவில் ஓடும் கங்கையான ஹூக்ளியின் தண்ணீர் டீ நிறத்தில் இருக்கும் என்று அந்தக் கூடத்தில் தெரியாதவர்கள் யாருமில்லை. ஒருவருக்கும் அதற்குமேல் தோன்றவில்லை.

கரண்டியால் உள்ளங்கையில் விட்டு மும்முறை ஆசமனம் செய்தார். மந்திரம் சொன்னார். பூவை நனைத்தார். சற்று நேரத்தில் அவர் குரல் நின்றது. கோஷாவின் உட்புறம் சாம்பல் பூத்திருந்தது. கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். தேய்த்த இடம் கண்ணாடிபோல வெள்ளியாக மின்னியது.

“செம்பு வெள்ளியாச்சு. பாபா விஸ்வகர்மா கண்ணு தொறந்துட்டார்” என்றார். 

குலவை ஒலி எழுந்தது. ஒருத்தி சங்கு ஊதினாள். எல்லாக் கையிலும் போன் வந்துவிட்டது. அடுத்த வாரம் ஆய்வகத்துக்குச் சான்றிதழ் தர ஒரு குழு வருவதாக இருந்தது. ரமேஷ்பாபு கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சரணாமிர்தம், அதாவது தீர்த்தம், கொடுங்கள் என்று நாலைந்து பேர் உள்ளங்கையைக் குவித்து நீட்டினார்கள். புரோகிதர் கரண்டியை எடுத்தார்.

அக்கா அப்போதுதான் வளர்ப்பறையிலிருந்து வந்தார். கூட்டத்தின் தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்தார். பிறகு நான் பார்த்தது, அவர் ரப்பர் செருப்போடு பூஜை இடத்துக்குள் நடந்து போனதைத்தான். கரண்டி பிடித்த கையை மணிக்கட்டில் பிடித்து நிறுத்தினார். இன்னொரு கையால் கோஷாவைத் தூக்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

“செருப்புக் காலோட! மா, உங்க மெட்ராஸ்ல பூஜை இப்பிடித்தானா?” என்றார் புரோகிதர். பின்னாலிருந்து, ரெண்டு இட்லி வைக்காத கோபம் என்று யாரோ சொன்னார்கள்.

“குடிச்சீங்களா, தாக்குர்மஷாய்? அத மட்டும் சொல்லுங்க.”

“ஆசமனம் இல்லாம பூஜை எங்கே ஆரம்பிக்கும்?”

“வாய் எப்பிடி இருக்கு?”

புரோகிதர் நாக்கை உதட்டில் ஓட்டிப் பார்த்தார். “காசை நக்கினாப்ல இருக்கு. புளிச் செம்பு அப்பிடித்தான் இருக்கும்னு நெனச்சேன்.”

ரமேஷ்பாபு அக்காவின் பக்கத்தில் வந்தார். அவருக்கும் தமிழ்தான். கூட்டத்துக்குப் புரியாதபடி, தாழ்ந்த குரலில் தமிழில் சொன்னார்: “சங்கரி, இங்க எதுவும் பேசாத. உள்ள வா. அவர நான் அப்புறமா டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போறேன்.”

அக்கா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, கூடத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி வங்காளத்தில் பதில் சொன்னார். இது மெர்க்குரிக் குளோரைடு, நஞ்சு. என் பொறுப்பில் இருந்தது, நான் எழுதின எழுத்து அழிந்திருக்கிறது, தாக்குர்மஷாய் குடித்திருக்கிறார். வேறு யாராவது ஒரு சொட்டு வாயில் வைத்திருந்தால் இப்போதே சொல்லுங்கள். சமையலில் தெளித்தீர்களா?

கிச்சுரி அண்டாவில் கொஞ்சம் தெளித்திருந்தார்கள். அண்டாவைக் கவிழ்க்காமல் அப்படியே வெளியே தூக்கிப்போய் ஒரு அறையில் வைத்துப் பூட்டினார்கள். கார் எடுக்கப் போன நேரத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். வெறும் பளபளப்புக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா, நல்ல நாளில் அபசகுனம் என்றார்கள். அக்கா என்னிடம் பொட்டாசியம் அயோடைடு கரைசல் பாட்டில் இருக்கும் இடத்தைச் சொல்லி எடுத்துவரச் சொன்னார். செடிகளின் கூழில் சேர்ப்பதற்காக வைத்திருப்பது. ஒரு கண்ணாடி மூடியில் கேன் தண்ணீரை விட்டு, அதில் ஒரு சொட்டுப் போட்டார். நிறமில்லாத நீரில் நிறமில்லாத நீர் விழுந்து, தாழம்பூ மஞ்சளாகக் கலங்கி, மறு விநாடி குங்குமச் சிவப்பானது. முணுமுணுப்பு நின்றது. செம்பு மேல் வந்தது வெள்ளியில்லை, பாதரசம் என்று சொன்னார். செம்பு தன்னைக் கரைத்துக்கொண்டு அந்த இடத்தில் பாதரசத்தை உட்கார வைத்திருக்கிறது. புரோகிதர் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரம் கோபத்தில் நிமிர்ந்திருந்த முதுகு மெல்ல வளைந்தது.

காரில் பாயசத்துக்கு வைத்திருந்த பாலைக் குடிக்க வைத்தார் அக்கா. உபவாசம் என்று அவர் வாயை மூடிக்கொண்டார். “பாதரசம் ஒட்டுறதுக்கு ஒரு புரதம் வேணும். பாலுல ஒட்டட்டும், உங்க வயித்துல ஒட்ட வேணாம்” என்று அக்கா டம்ளரை விடாமல் பிடித்திருந்தார். பாதி வழியில் புரோகிதர் வாந்தி எடுத்தார். அக்கா தன் துப்பட்டாவால் அவர் வாயைத் துடைத்தார்.

ஆஸ்பத்திரியில் கேட்ட முதல் கேள்வி, எவ்வளவு வீரியம் என்பது. துண்டுகளை முக்குகிற கரைசல் ஆயிரத்தில் ஒரு பங்குதான். அந்த அளவில் மூன்று துளி ஆசமனம் பெரிய ஆபத்தில்லை என்று அக்காவால் சொல்லியிருக்க முடியும். சொல்லவில்லை. அதைவிடப் பலமடங்கு கெட்டியான பழைய தாய்க் கரைசலின் மிச்சத்தையும் போன மாதம் அதே கேனில் ஊற்றியிருந்தார். எவ்வளவு என்று அளக்கவில்லை. “தெரியல டாக்டர். கூடுதலா இருக்கும்னு வச்சுக்கிட்டு வைத்தியம் பாருங்க” என்று சொல்லி, ஒரு சின்ன பாட்டிலில் கொண்டுவந்திருந்த கேன் தண்ணீரை மேசையில் வைத்தார்.

அங்கேயே ரமேஷ்பாபுவின் போன் வந்தது. தரை துடைக்கிற திரவம் என்று எழுதச் சொல், அடுத்த வாரம் குழு வருகிறது என்றார். நான் பக்கத்தில் நின்றதால் இரண்டு பக்கமும் கேட்டது.

“தப்பா எழுதுனா தப்பான மருந்து குடுப்பாங்க சார்.”

“அப்போ உன் பேர்லதான் எழுத வேண்டியிருக்கும்.”

“எம்பேர்தான் எழுதியிருக்கேன்.”

மாலையில் திரும்பிப் போய், கறுத்துத் தங்கும்வரை அந்தக் கேனை என்ன செய்ய வேண்டும் என்பதை இன்னொரு பணியாளருக்கு இரண்டு முறை விளக்கிவிட்டு, சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வந்தார். ரமேஷ்பாபு மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார், இறங்கி வரவில்லை. அவர் கெட்டவர் இல்லை. நாற்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கிற மனிதர், அன்றைக்குப் பயந்துபோயிருந்தார்.

மூக்கையா மாமாவிடம் நான்தான் விஷயத்தைச் சொன்னேன். சாந்த்ராகாச்சியில் ஓய்வுபெற்று உட்கார்ந்திருக்கிற அந்த மனிதர் தாடையைத் தடவினார். “கொடி நட்டது அவதான். ஆனா வண்டிக்கு அடியில ஆள் மாட்டிக்கிட்டானே, தாயி” என்றார். ஆறுதலும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. அக்காவுக்கும் அதுதான் பிரச்சினை. வேலை போனதை அவர் ஒரு நாளும் பேசியதில்லை. அந்தக் கிழவரின் சிறுநீரகம் என்ன ஆயிற்று என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவுக்குத் தினமும் போனார். இடையில் புரோகிதருக்குச் சிறுநீர் குறைந்தது, கால் வீங்கியது, பிறகு மெல்ல இறங்கியது. வீட்டுக்கு அனுப்பும்போது, சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் இன்னும் சரியான அளவுக்கு இறங்கவில்லை. ஒரு மாதம் கழித்தும் ஆறு மாதம் கழித்தும் கட்டாயம் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். பாதரசம் சிறுநீரகத்தில் மாதக்கணக்கில் தங்கும். மெதுவாகத்தான் இறங்கும். அது போகும்போது எதைக் கூடவே கொண்டுபோகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

புரோகிதரின் மகள் தேவிப்ரியா ஒரு வங்கியில் வேலை செய்பவர். வாசலில் எங்களை நிறுத்தினார். கத்தவில்லை. நீங்கள் செய்தது சரிதான், உண்மையைச் சொன்னீர்கள், ஆனால் இனி வராதீர்கள் என்றார். காரணம் பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. கோஷா வெள்ளியான படங்கள் மதியத்துக்குள் தெருத்தெருவாகப் பரவியிருந்தன, அதிசயமாக. மாலைக்குள் அதே படங்கள் கேலியாகத் திரும்பின. ‘பாரோத் தாக்குர்’, அதாவது பாதரசச் சாமியார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். வழக்கமான வீடுகள் சில வேறு புரோகிதரைத் தேடிக்கொண்டன. அதிசயம் என்று வாய்விட்டுச் சொன்னவர் அவர். அதை மறக்க நினைத்தார். அக்காவின் முகம் மறக்க விடாது. பரிசோதனைக்கும் அவர் போகவில்லை என்று தேவிப்ரியா ஒரே ஒரு முறை எழுதினார். அதன்பிறகு பதில் இல்லை.

சில மாதம் அக்கா வீட்டில் இருந்தார். பிறகு பெஹாலாவில் ஒரு பெண்கள் பள்ளியில் வேதியியல் ஆசிரியை ஆனார். சனிக்கிழமைகளில் அவர் செய்த வேலைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நகரத்தில் இருக்கும் திசு வளர்ப்பு ஆய்வகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் தானே போன் செய்து, தானே பஸ் ஏறிப் போனார். கழிவுக் கேனில் கரைசல் விழுவதற்கு முன்பே ஒரு சிட்டிகை மெதிலீன் நீலம் போட்டு வையுங்கள் என்பதுதான் அவர் சொன்னது. எழுத்து அழியும், படிக்கத் தெரியாதவர் இருப்பார், கேன் மாறும். நீலத் தண்ணீரை யாரும் கங்கை என்று எடுக்க மாட்டார்கள். முடிந்தால் இந்த உப்பையே விட்டுவிடுங்கள், பிளீச் போதும், கொஞ்சம் ஜாடி கூடுதலாகக் கெடும், பரவாயில்லை என்றும் சொன்னார். ஏன் இதைச் சொல்கிறீர்கள் என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்பார்கள். ஒவ்வொரு இடத்திலும் முழுக் கதையையும், தன் மேசைக்கு அடியில் வைத்த கேனிலிருந்து தொடங்கி, சொல்வார். கழிவைச் சாக்கடையில் ஊற்றுகிற ஒரு பேராசிரியர், உங்கள் கவனக்குறைவுக்கு நாங்கள் சாயம் பூச வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். ஆமாம் சார் என்று அக்கா சாயப் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு வந்தார். இப்போது பல இடங்களில் அவரை ‘நீல் திதி’ என்றுதான் அழைக்கிறார்கள், நீல அக்கா.

நாகம்மாவுக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுக்க முயன்றார். நாகம்மா இரண்டு ஞாயிறு வந்தாள். மூன்றாவது ஞாயிறு, நீங்கள் நீலம் போட்டுவிட்டீர்களே, இனி எதற்குப் படிப்பு என்று கேட்டுவிட்டு, வருவதை நிறுத்திவிட்டாள். அக்காவுக்குக் கோபம் வந்தது. நான் சிரித்துவிட்டேன், அதற்கும் கோபம் வந்தது. அக்காவின் கோபம் சின்ன விஷயங்களுக்குத்தான் வரும், பெரிய விஷயத்தில் அவரிடம் அதை நான் பார்த்ததில்லை.

நான் நடுவில் இரண்டு முறை ஊரைவிட்டுக் கிளம்பித் திரும்பினேன். எனக்கு இடங்களை விட்டுப் போவது சுலபம். போன இடத்தில் நான் விட்டுவந்தது என்ன ஆயிற்று என்று திரும்பிக் கேட்கும் வழக்கம் எனக்கில்லை. ஒவ்வொரு முறை வரும்போதும் மாடியேறிப் போய், பதில் வந்ததா என்று கேட்பேன். இல்லை என்பார். ஆனால் அவர் கேட்பதை நிறுத்தவில்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை தேவிப்ரியாவுக்கு ஒரே மாதிரி செய்தி: தாக்குர்மஷாய் நலமா? ரத்தப் பரிசோதனை செய்தீர்களா? செலவு என்னுடையது. செய்தியைப் படித்ததற்கான நீலக் குறி விழும், வேறொன்றும் வராது.

“விடுங்கக்கா. இருக்காருன்னுதான் தெரியுதே. ஏதோ கல்யாணத்துல மந்திரம் சொன்னாருன்னு சொன்னாங்களே” என்றேன் ஒரு நாள்.

“இருக்கார்டி. எப்பிடி இருக்கார்னு தெரியணும்ல” என்றார். “சிறுநீரகம் பாதிக்கு மேல போற வரைக்கும் சத்தமே போடாது. அவருக்கே தெரியாது.”

போன மே மாதம், பள்ளி விடுமுறையில், கீழே கடையில் என் அப்பாவோடு சேர்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். போன் கல்லாமேல் இருந்தது. கை பிசுபிசுப்பாக இருந்ததால் என்னைப் பார்க்கச் சொன்னார். தேவிப்ரியா என்ற பெயரைப் பார்த்ததும் நான் படிக்காமல் அவரிடம் நீட்டினேன். வேண்டாம், நீயே படி என்றார். கையைத் துடைக்கவில்லை. வங்காளத்தில் நீளமாக இருந்தது. நான் உரக்கப் படித்தேன்.

“அப்பாவுக்கு அடுத்த வாரம் கண்ணில் புரை அறுவை. அதற்காக ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிரியாட்டினின் 0.9. சிறுநீரில் புரதம் இல்லை. இந்த வயதுக்கு ரொம்ப நல்ல சிறுநீரகம் என்றார். நீங்கள் எழுதிய ஒவ்வொரு முறையும் அப்பாவிடம் சொன்னேன், பதில் போட வேண்டாம் என்றார். நேற்று ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: அந்தப் பெண்ணுக்கு முதலில் அனுப்பு, இத்தனை நாளும் அவள் தூங்கியிருக்க மாட்டாள்.”